கண்ணை ஒப்படைத்தவருக்குக் காவல்: பெருந்தொற்றுக் காலத்தில் மெய்நிகர் உண்மை மருத்துவ ஆய்வு

மெய்நிகர் உண்மை என்பது, கணினி உருவாக்கிய ஓர் இடத்தை, பார்ப்பவர் தாம் அதற்குள்ளேயே நிற்பதாக உணரும்படி கண்ணுக்கும் காதுக்கும் தருகிற தொழில்நுட்பமாகும். இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களை மிக அருகில் காட்டும் சிறு திரைகளும், அவற்றின் முன் பொருத்திய வில்லைகளும், தலை திரும்பும் திசையை நொடிக்குப் பலமுறை அளந்து காட்சியையும் உடன் திருப்பும் உணரிகளும் சேர்ந்த கருவியைத் தலையில் அணிவதால் இது இயல்கிறது. ஆய்வகங்களில் ஹெட்செட் என்ற சொல்லே அதற்கு வழங்குவதால் இவ்வுரையும் அச்சொல்லையே கையாள்கிறது. தலையில் அணியும் இத்தகைய கருவியை ஐவன் சதர்லேண்ட் 1968-இல் உருவாக்கிக் காட்டினார். மருத்துவம் இதைக் கையில் எடுத்தது 1990-களில்தான்: உயரத்தைக் கண்டு அஞ்சுவோரை மெய்நிகர்ப் பாலங்களிலும் மின்தூக்கிகளிலும் படிப்படியாக ஏற்றி அச்சத்தைத் தணிக்க முடியும் என்பதை பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் ஆகியோரின் குழு 1995-இல் காட்டியது, சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயப் புண்ணைத் துடைக்கும்போது எழும் பெருவலியிலிருந்து நோயாளியின் கவனத்தைப் பனிப்பள்ளத்தாக்குக் காட்சி ஒன்றுக்குள் இழுத்துக்கொண்டு போய் வலியைக் குறைத்தனர். பக்கவாதத்துக்குப் பின் கை கால் பயிற்சி, முதியோரின் நடைச் சமநிலை, போரிலிருந்து திரும்பிய வீரரின் மனவடு, நாட்பட்ட முதுகுவலி எனக் களம் பின்னர் விரிந்தது.

இந்த ஆய்வுகள் அனைத்துக்கும் அடியில் ஓர் எளிய நிலைமை இருக்கிறது. ஹெட்செட்டை அணிந்தவருக்கு, தாம் நிற்கும் அறை தெரிவதில்லை. கதவு திறந்து யார் உள்ளே வந்தார், அருகில் நிற்கும் ஆய்வாளரின் முகக்கவசம் மூக்கைவிட்டு எப்போது இறங்கியது, சன்னலை யார் சாத்தினார் என எதையும் அவர் அறிய வழியில்லை. காதிலும் வேறோர் இடத்தின் ஒலியே நிறைந்திருக்கிறது. இயல்பான நாள்களில் இதனால் நேரக்கூடிய தீங்கு, மேசை முனையில் முழங்கால் இடிப்பதும் கம்பி தடுக்கி விழுவதுமாகும். காற்றின்வழிப் பரவும் நோய் ஊரெங்கும் இருக்கும் காலத்திலோ நிலைமை மாறிவிடுகிறது. ஏனெனில் பெருந்தொற்றுக் காலப் பொது அறிவுரைகள் யாவும், ஒவ்வொருவரும் தம்மைச் சுற்றிலும் பார்த்துத் தம் காப்பைத் தாமே அமைத்துக்கொள்வர் என்ற நம்பிக்கையின்மீது நிற்பவை. விலகி நிற்பதற்குக் கண் வேண்டும். கண்ணை ஒப்படைத்துவிட்ட ஒருவரிடம் அந்தக் கடமையில் ஒரு பங்கையும் விடமுடியாது என்பதும், ஆகவே அறையின் காற்று முதல் ஆய்வு உதவியாளரின் விடுப்பு வரை முழுப் பொறுப்பும் ஆய்வை நடத்துவோர்மீதே விழுகிறது என்பதும் இவ்வுரையின் கருத்து.

2020 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்து, மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று விவரித்தது. அதையடுத்த சில நாள்களிலேயே உலகின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மனிதர் நேரில் பங்கேற்கும் ஆய்வுகள் நின்றுபோயின. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மார்ச் 18 அன்றே, மருத்துவச் சோதனைகளில் பங்கேற்போரின் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் முன்னே நிற்க வேண்டும் என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஏப்ரலில் அறநெறிக் குழுக்களுக்கெனத் தனி வழிகாட்டி ஒன்றைத் தந்தது. நிறுத்துவது எப்படி என்பதை இவை தெளிவாகவே கூறின. மீண்டும் தொடங்குவது எப்படி என்ற கேள்விக்குத்தான் ஒவ்வொரு துறையும் தன் கருவிகளையும் தன் அறைகளையும் வைத்துத் தானே விடைகாண வேண்டியிருந்தது.

அவ்வாறு விடைகாண நேர்ந்தவற்றுள் கேம்சேஞ்ச் என்னும் இங்கிலாந்து ஆய்வைச் சற்று விரிவாகக் காண்பது பயன்தரும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டேனியல் ஃப்ரீமன் தலைமையிலான குழு, உளப்பிறழ்வு நோய் உடையவர்களுள் வீட்டைவிட்டு வெளியே செல்லவே அஞ்சுவோருக்காக இச்சிகிச்சையை வடிவமைத்தது. தேநீர்க்கடை, மருத்துவரின் காத்திருப்பு அறை, மதுக்கூடம், பேருந்து, சிறிய கடை, வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள தெரு என்னும் ஆறு காட்சிகளுள் ஒன்றை நோயாளி தேர்ந்துகொள்வார். காட்சிக்குள்ளேயே தோன்றும் மெய்நிகர்ப் பயிற்றுநர் வழிநடத்த, ஏறத்தாழ அரைமணி நேர அமர்வுகள் ஆறு, ஆறு வாரங்களில் நடக்கும். மனநலப் பணியாளர் ஒருவர் உடனிருப்பார். அந்த உடனிருப்பவர் உளவியலாளராகவும் இருக்கலாம், தாமே மனநோயைக் கடந்து வந்து பிறருக்குத் துணைநிற்கும் பணியாளராகவும் இருக்கலாம். பிரிஸ்டல், மான்செஸ்டர், நியூகாசில், நாட்டிங்காம், ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஐந்து வட்டாரங்களில் நோயாளிகளைச் சேர்க்கும் பணி 2019 ஜூலையில் தொடங்கியது. 2020 மார்ச் 16 அன்று அது நிறுத்தப்பட்டு, செப்டம்பர் 14 வரை நின்றிருந்தது. அதன்பின் தொடங்கிய சேர்க்கை 2021 மே மாதம் வரை, அதாவது நவம்பரிலும் ஜனவரியிலும் இங்கிலாந்தில் வந்த இரு முடக்கங்களுக்கும் ஊடாக நடந்து, 346 பேருடன் நிறைவெய்தியது.

ஆறு மாத நிறுத்தம் சிறிய விலையன்று. வீட்டைவிட்டு வெளியேற அஞ்சுகிறவருக்கு ஆறு மாதம் என்பது, நோய் மேலும் இறுகிப்போவதற்குப் போதுமான காலம். எனினும் எதிர்த்தட்டிலும் கனமான ஒன்று இருந்தது: நியூயார்க்கின் மருத்துவமனைத் தொகுதி ஒன்றின் நோயாளிகளை வைத்து 2021 ஜனவரியில் வெளியான ஆய்வு, மனச்சிதைவு வகை நோய் உடையவர்கள் கோவிட் தொற்றால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகக் கூடுதல் என்றும், அங்கு ஆராயப்பட்ட காரணிகளுள் வயதுக்கு அடுத்தபடியாக அதுவே நின்றது என்றும் காட்டியது. எவருக்கு இந்தச் சிகிச்சை மிகுதியாகத் தேவையோ அவருக்கே தொற்றின் தீங்கும் மிகுதி. ஆகவே “ஆய்வைத் தொடங்கலாமா, கூடாதா” என்று ஒரே சொல்லில் விடை தேடுவதில் பயனில்லை. எந்த அறையில், எத்தனை நிமிட இடைவெளியில், யார் உடனிருக்க, எந்த நிலையில் நிறுத்துவதாக முன்கூட்டியே எழுதிவைத்து என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இக்கேள்விகளுள் முதலிடம் காற்றுக்கு உரியது. ஆனால் 2020-இன் தொடக்கத்தில் அது கடைசி இடத்திலேயே இருந்தது. கொரோனா தீநுண்மி பிளாஸ்டிக் பரப்பில் 72 மணி நேரம் வரை உயிர்ப்புடன் கண்டறியப்பட்டது என்ற ஆய்வு அவ்வாண்டு மார்ச்சில் வெளிவந்தபோது, ஆய்வகங்களின் கவனம் முழுவதும் ஹெட்செட்டின் பிளாஸ்டிக்கின்மேல் குவிந்தது. ஒருமுறை அணிந்த கருவியை மூன்று நாள் ஒதுக்கிவைக்கும் சுழற்சி முறையும் சில இடங்களில் வந்தது. அதே ஆய்வு, நுண்திவலைகளில், அதாவது மூச்சோடும் பேச்சோடும் வெளிவந்து காற்றில் மிதக்கும் மிகச் சிறு நீர்த்துளிகளில், மூன்று மணி நேரச் சோதனை முழுவதும் தீநுண்மி உயிர்ப்புடன் இருந்ததையும் சொல்லியிருந்தது. ஜூலையில் லிடியா மொரவ்ஸ்கா, டொனால்டு மில்டன் இருவரும் 239 அறிவியலாளர்களின் ஆதரவோடு காற்றுவழிப் பரவலை ஏற்குமாறு வேண்டுகோள் விடுத்தனர். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், மாசுபட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. துடைப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. செய்தவருக்கும் பார்த்தவருக்கும் மனநிறைவு தரும் வேலை. காற்றை மாற்றுவதோ யாருக்கும் தெரியாமல் நடப்பது. தெரியாத வேலை பின்தள்ளப்பட்டதே அந்த ஆண்டின் பெரும் பிழை என்று துணிந்து கூறலாம்.

மெய்நிகர் ஆய்வகங்களில் இப்பிழைக்குக் கட்டட வடிவமும் துணைபோயிற்று. ஹெட்செட்டின் இருப்பிடத்தை அறியும் அகச்சிவப்பு ஒளியைக் கடும் வெயில் குழப்புவதாலும், வெளியொலி காட்சியைக் கலைப்பதாலும், இத்தகைய ஆய்வகங்களுக்குப் பெரும்பாலும் சன்னலற்ற, திரையிட்ட, ஒலிபுகா உள்ளறைகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. நோய்பரப்பும் மூச்சைச் சேர்த்துவைக்க இதைவிடப் பொருத்தமான அறையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அங்குள்ள குளிரூட்டி சுவரில் மாட்டும் வழக்கமான ஸ்பிளிட் ஏசி என்றால், அது வெளிக்காற்றைச் சிறிதும் கொண்டுவராமல், உள்ளே இருப்பதையே குளிர்வித்துத் திரும்ப ஊதுகிறது. சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில் 2020 ஜனவரியில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்று ஏற்பட்டபோது, குளிரூட்டியின் காற்று அம்மேசைகளுக்கிடையே சுழன்றதே ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

ஓர் அறையின் காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை புதிய காற்றால் ஈடுசெய்யப்படுகிறது என்பதைக் காற்றுமாற்ற வீதம் என்பர். நோயாளி ஒருவர் வெளியேறியபின், அவர் விட்டுச்சென்ற நுண்திவலைகளில் 99 விழுக்காடு அகல எவ்வளவு நேரமாகும் என்பதை இவ்வீதமே தீர்மானிக்கிறது: மணிக்கு 2 மாற்றங்கள் உள்ள அறையில் 138 நிமிடங்கள், 6 மாற்றங்கள் என்றால் 46 நிமிடங்கள், 12 என்றால் 23 நிமிடங்கள். இக்கணக்கு, காற்று அறை முழுவதும் நன்கு கலக்கிறது என்ற அனுமானத்தின்மேல் நிற்பதால், மூலைமுடுக்கு மிகுந்த அறையில் உண்மை நேரம் இதைவிட நீளலாம். அணிவித்தல், விளக்கல், பயிற்சி, கழற்றல் எல்லாம் சேர்ந்து ஓர் அமர்வுக்கு ஒரு மணி நேரம் எனவும், கடைசி நோயாளிக்குப் பின் அறை தெளியும் நேரமும் வேலைநாளுக்குள்ளேயே முடிய வேண்டும் எனவும் கொண்டால், எட்டு மணி நேர வேலைநாளில் முன்பு 8 பேர் வந்துபோன அறையில், 6 மாற்றங்கள் இருந்தால் 4 பேரும், 2 மாற்றங்களே இருந்தால் 2 பேரும் மட்டுமே பாதுகாப்பாக வந்துபோகலாம். ஆய்வின் காலமும் செலவும் பெருகுவது இங்கேதான். கிருமிநாசினிக்கு ஆகும் பணம் அதன் முன் ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கில் நம்பிக்கையும் இருக்கிறது. 4 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 60 கனமீட்டர். மணிக்கு 240 கனமீட்டர் தூய காற்றைத் தரும் ஹெப்பா வடிகட்டிக் கருவி ஒன்றை, அதாவது மிக நுண்ணிய துகள்களையும் ஏறத்தாழ முழுமையாகப் பிடித்துக்கொள்ளும் அடர்ந்த இழைவடிகட்டி பொருத்திய விசிறிப் பெட்டியை, அங்கு வைத்தால், நுண்திவலைகளைப் பொறுத்தவரை அது மணிக்கு 4 மாற்றங்களைக் கூட்டியதற்குச் சமம். முன்பு 2 ஆக இருந்தது 6 ஆகி, காத்திருக்க வேண்டிய 138 நிமிடங்கள் 46 நிமிடங்களாகக் குறைகின்றன. மாணவர் ஒருவர் தூக்கிவைக்கக்கூடிய பெட்டியொன்று, நாளொன்றுக்கு வரக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கையை இரட்டிக்கிறது. அறையில் கரியமிலவாயு அளவியை மாட்டிவைப்பதும் எளிது: வெளிக்காற்றில் பத்து இலட்சத்துக்கு 400-க்குச் சற்று மேலாக இருக்கும் அவ்வாயு அறைக்குள் ஏறிக்கொண்டே போனால், இருப்பவர்களின் மூச்சு வெளியேறாமல் தேங்குகிறது என்று பொருள். வடிகட்டி கரியமிலவாயுவைப் பிடிப்பதில்லை என்பதை மட்டும் அளவியைப் படிப்பவர் நினைவில் கொள்ள வேண்டும்.

மூச்சின் அளவையும் குரலின் உயரத்தையும் மறக்கலாகாது. 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பள்ளத்தாக்கில் பாடகர் குழு ஒன்றின் பயிற்சிக்கு வந்த 61 பேருள் 53 பேர் உறுதியாகவோ பெரும்பாலும் உறுதியாகவோ நோயுற்றனர், இருவர் இறந்தனர். உரத்துப் பாடுவது எத்தனை நுண்திவலைகளைக் காற்றில் சேர்க்கும் என்பதை உலகம் உணர்ந்த நிகழ்ச்சி அது. மெய்நிகர் ஆய்வில் யாரும் பாடுவதில்லை. ஆயினும் காதை ஒலி நிறைத்திருக்கும் ஒருவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்திப் பேசுகிறார். மெய்நிகர்க் கடைக்காரரிடம் பேசிப் பழகும் சிகிச்சையில் அவர் பேசியே ஆக வேண்டும். உடற்பயிற்சி வகை ஆய்விலோ மூச்சு வாங்கவே செய்யும். அமைதியாக உட்கார்ந்து காட்சியைப் பார்க்கும் வலித்தணிப்பு ஆய்வுக்கும், கைகால் வீசிக் கூவும் பயிற்சி ஆய்வுக்கும் ஒரே விதியை எழுதும் அறநெறிக் குழு, முதலதை வீணாக நெருக்குகிறது, இரண்டாவதை வேண்டிய அளவு நெருக்காமல் விடுகிறது.

பரப்புவழித் தொற்று குறைவு என்பதால் கருவியைத் துடைக்க வேண்டியதில்லை என்று பொருளாகாது. கண்ணையும் நெற்றியையும் மூக்கின் மேற்பகுதியையும் ஒட்டி, வியர்வையில் நனைந்து, ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும் பொருள் ஹெட்செட். சென்னை மக்கள் மெட்ராஸ் ஐ என்றே பெயரிட்டு அழைக்கும் கண்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் அடினோ வகைத் தீநுண்மி, கொரோனாவைவிடக் கடினமானது. கொரோனாவைச் சுற்றிக் கொழுப்புறை ஒன்று உண்டு. சோப்பும் ஆல்கஹாலும் அவ்வுறையைக் கரைத்தாலே அது செயலிழக்கும். அடினோவுக்கு அவ்வுறை இல்லை. ஆகவே கொரோனாவை நீக்கும் துடைப்பான் இதையும் நீக்கும் என்று நம்பிவிட முடியாது. பஞ்சால் ஆன முகப்பட்டையை எத்தனை முறை துடைத்தாலும் உள்ளே ஊறியது ஊறியதுதான். ஆளுக்கொரு முகப்பட்டை, அல்லது துடைத்தெடுக்கக்கூடிய சிலிகான் உறை, அதன்மேல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய முகத்தாள் என்பதே தக்க ஏற்பாடு. ஓக்குலஸ் குவெஸ்ட் 2 கருவியின் பஞ்சுப் பட்டை சிலருக்குத் தோல் எரிச்சலை உண்டாக்கியதால், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 40 இலட்சம் பட்டைகளுக்கு 2021 ஜூலையில் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்து, சிலிகான் உறைகள் வழங்கப்பட்டன. தோலைத் தொடும் பகுதியைத் துணைப்பொருளாக நினைப்பது தவறு என்பதற்கு இது போதிய சான்று.

துடைக்கும் முறையிலும் நுட்பம் உண்டு. எந்தத் தொற்றுநீக்கியும் பட்டவுடனே வேலைசெய்வதில்லை. அதன் உறையில் குறித்த நிமிடங்கள் வரை பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். துடைத்த கையோடு உலர்த்திவிட்டால் அழுக்கு போகலாம், கிருமி போகாது. வில்லைகளோ இதற்கு நேர்மாறானவை: ஆல்கஹால் பட்டால் அவற்றின் மேற்பூச்சு கெடும், உலர்ந்த மென்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். புற ஊதா ஒளிப்பெட்டி ஒளி விழும் இடத்தை மட்டுமே தூய்மைசெய்யும். பட்டையின் மடிப்பும் திருகின் நிழலும் அப்படியே இருக்கும். நமது நாட்டில் எவருக்கும் இயல்பாகத் தோன்றும் வழியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. பாயையும் தலையணையையும் போல ஹெட்செட்டையும் வெயிலில் காயவைத்தால், அதன் வில்லைகள் உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து உள்திரையைச் சுட்டுவிடும். சில நிமிட வெயிலே அதற்குப் போதும்.

முகக்கவசமும் ஹெட்செட்டும் ஒரே மூக்கின்மேல் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. கவசத்தின் மேல்விளிம்பு வழியே மேலேறும் வெதுவெதுப்பான மூச்சு வில்லையில் படிந்து காட்சியை மங்கலாக்கும். ஹெட்செட்டின் கனம் கவசத்தைக் கீழே தள்ளும். கவசம் சரிந்ததை அணிந்தவரால் பார்க்கவும் முடியாது. மூக்குத்தண்டில் வளைந்து பொருந்தும் கம்பியுள்ள கவசத்தை முதலில் அணிந்து, விளிம்பைத் தோலுக்குத் தீங்கற்ற ஒட்டுநாடாவால் ஒட்டி, அதன்மேல் ஹெட்செட்டைப் பொருத்தி, கண்ணாடி மங்குகிறதா என்று கேட்டறிந்த பின்பே காட்சியைத் தொடங்குவது இதற்கான எளிய தீர்வு.

குமட்டலைப் பற்றிய சிக்கல் இதைவிட ஆழமானது. கண் நகர்வைக் காண, உட்காதின் சமநிலை உறுப்பு அசையாமை கூற, இவ்விரண்டும் முரண்படும்போது சிலருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் வருகின்றன. இதை அளக்க ராபர்ட் கென்னடியும் பிறரும் 1993-இல் வெளியிட்ட, 16 அறிகுறிகள் கொண்ட வினாநிரலே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. அதில் தலைவலி, சோர்வு, வியர்வை, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியன இடம்பெறுகின்றன. கோவிட் அறிகுறிகளை விசாரிக்கும் படிவத்திலும் இவற்றுள் சில வந்துவிடுகின்றன. அமர்வுக்குப் பின் தலை வலிக்கிறது என்று ஒருவர் கூறினால், அது காட்சியால் வந்ததா, முகக்கவசத்தின் இறுக்கத்தால் வந்ததா, தொற்றின் முதல் அறிகுறியா என்று பின்னர் பிரித்தறிய இயலாது. ஆகவே ஹெட்செட்டை அணிவிக்கும் முன்பே அதே வினாக்களைக் கேட்டுப் பதிந்துகொள்வதும், ஒவ்வோர் அமர்விலும் எவ்வகைக் கவசம் அணியப்பட்டது என்று குறிப்பதும் பங்கேற்பாளரின் உடல்நலத்துக்கும் ஆய்வின் முடிவுக்கும் ஒருசேரத் தேவையாகின்றன. குமட்டல் வாந்தியாக முற்றுமானால் கவசத்தை உடனே கழற்ற நேரும் என்பதையும், அதற்கான பையும் இடமும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதையும் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டு மீட்டர் இடைவெளி விதி மெய்நிகர் ஆய்வில் நேரடியாக முறிவது, விழுதலைத் தடுக்கும் இடத்தில். பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவரோ எழுபது வயதைக் கடந்தவரோ கண்மறைந்த நிலையில் நின்றால், ஒரு கை அவரைத் தாங்கும் தொலைவில் இருந்தே தீர வேண்டும். தொற்றுக்கு அஞ்சி அந்தக் கையை அகற்றி இடுப்பெலும்பை முறியவிடுவது எந்தக் கணக்கிலும் காப்பு ஆகாது. கட்டுப்பாட்டுத் திரையை அடுத்த அறைக்கு மாற்றலாம், வினாநிரல்களைத் தொலைபேசியில் முன்னாளே முடிக்கலாம், கைப்பிடிக் கருவிக்குப் பதிலாக விரலசைவையே அறியும் வசதியைப் பயன்படுத்தலாம். இவ்வாறு நெருக்கம் தேவையற்ற இடங்களிலெல்லாம் அதைக் குறைத்து, தேவையான அந்தச் சில நிமிடங்களுக்கு ஒருவரை, முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசத்துடன், பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ நிறுத்துவதே முறை. நோயாளி உட்கார்ந்தே செய்யக்கூடிய பயிற்சியாகச் சிகிச்சையை மாற்ற முடியுமானால் இன்னும் நல்லது.

இவ்வளவு இடர்ப்பாடு எதற்கு, கருவியை வீட்டுக்கே அனுப்பிவிட்டால் என்ன என்ற கேள்வி நேர்மையானது. நாட்பட்ட முதுகுவலிக்கான ஈஸ்விஆர்எக்ஸ் என்னும் எட்டு வாரச் சிகிச்சை, 179 பேர் பங்கேற்ற ஆய்வில் முழுவதும் வீடுகளிலேயே நடந்து, 2021 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலையும் பெற்றது. நோயாளியை நிலையத்துக்கு அழைப்பதா, மருத்துவத்தை வீட்டுக்கு அனுப்புவதா என்ற வினா தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 1959-இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்ட நோயாளிகள் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறத்தாழ நிகராகக் குணமடைந்ததைக் காட்டியது; அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தோருக்கு அதனால் தொற்று இடர் கூடவில்லை என்பதையும் அதைத் தொடர்ந்த ஆய்வு நிறுவியது. உலகின் காசநோய் மருத்துவமே அதன்பின் திசைமாறியது. கருத்தால் தீர்க்க முடியாததை ஒப்பிட்டு அளந்து தீர்த்த அந்த முறையே இங்கும் பொருந்தும்.

ஆனால் மாத்திரையைப் போல எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும் பொருளன்று ஹெட்செட். கையை வீசத் தடையற்ற வெற்றிடம் வேண்டும், இணையம் வேண்டும், அரைமணி நேரத் தனிமை வேண்டும். ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தில் இவை மூன்றும் ஒருங்கே வாய்ப்பதில்லை. தனியே கண்மறைத்து நிற்க இயலாத நோயாளிக்கு வீடு ஆய்வகத்தைவிட ஆபத்தான இடம். வீட்டு ஆய்வை மட்டுமே நடத்தினால், வசதி உள்ளோரின் வலியைப் பற்றி மட்டுமே அறிவு வளரும். ஆகவே நேரில் நடத்தும் ஆய்வு பெருந்தொற்றுக் காலத்திலும் முற்றாக ஒழிக்கத்தக்கதன்று. வீட்டில் நடத்த முடியாதவற்றுக்கென அது காத்துவைக்கப்பட வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் தொற்றின் இடரைச் சேர்ப்பது எளிது. அதைப் பொருளுள்ளதாக்குவது கடினம். வருமானம் நின்றுபோன மாதங்களில், பங்கேற்புக்குத் தரும் சிறு தொகையே ஒருவருக்குக் காய்ச்சலை மறைக்கத் தூண்டுதலாகலாம். அறிகுறி உண்டு என்று கூறித் திரும்பிச் செல்பவருக்கும் முழுத் தொகையும் பயணச்செலவும் தரப்படும் என்று முன்னரே அறிவித்துவிட்டால் அத்தூண்டுதல் அகன்றுவிடும். இதே நீதி ஆய்வு உதவியாளருக்கும் உரியது: நாளொன்றுக்குப் பலருடைய முகத்தருகில் கைவைத்துக் கருவியை அணிவிப்பவர் பெரும்பாலும் தற்காலிக ஊழியர் அல்லது முனைவர்பட்ட மாணவர். அவர் உடல்நலமின்றி விடுப்பெடுத்தால் ஊதியமோ நெறியாளரின் நல்லெண்ணமோ குறையாது என்ற உறுதி எழுத்தில் இல்லாதவரை, வாசலில் வைத்த வெப்பமானியால் பயனில்லை. யார் எந்நேரம் அறையில் இருந்தனர் என்ற பதிவேடு தொற்று நேர்ந்தால் தொடர்புகளைக் கண்டறியத் தேவை. ஆனால் அது நோய்விவரங்களோடு கலவாமல் தனியே பூட்டப்பட்டு, குறித்த நாளில் அழிக்கப்பட வேண்டும். மனநல ஆய்வுக்கு வந்தார் என்ற செய்தியே வெளியே கசிந்தால் ஒருவரின் வேலைக்குக் கேடாகலாம்.

கேம்சேஞ்ச் ஆய்வு வேறொரு சிக்கலையும் காட்டுகிறது. வெளியே செல்லும் துணிவைத் தருவதே அச்சிகிச்சையின் நோக்கம். வெளியே செல்லாதிருப்பதே அந்நாளைய சட்டம். அன்று மதுக்கூடத்துக்குப் போகாதவர் அஞ்சிப் போகாதிருந்தாரா, அது மூடியிருந்ததால் போகாதிருந்தாரா என்பதை விடையைப் படிப்பவர் எப்படி அறிவார்? பெருந்தொற்றுக்கு முன் வடிவமைத்த காட்சிகளில் மனிதர்கள் நெருங்கி அமர்ந்திருப்பது சிகிச்சைக்கு உரிய இயல்பு. வெளியுலகிலோ அதே நெருக்கம் உண்மையான ஆபத்தாகிவிட்டது. 2022-இல் வெளியான முடிவுகளின்படி, ஆறு வார முடிவில் வெளியிடங்களைத் தவிர்ப்பதும் அங்கு எழும் மனத்துயரும் சிகிச்சை பெற்ற பிரிவினரிடம் ஒப்பீட்டுப் பிரிவினரைவிடக் குறைந்திருந்தன. மொத்தத்தில் அந்தப் பயன் சிறியது, அச்சம் மிகக் கடுமையாக இருந்தவர்களிடம் பெரியது. கடுமையான தீய நிகழ்வுகளில் இரு பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு பிரிவினரும் ஒரே முடக்கத்துக்குள் வாழ்ந்ததால் ஒப்பீடு நிலைத்தது. சமவாய்ப்பு முறையில் பிரிப்பதன் பெருமை இது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத சிறு ஆய்வுகளுக்கு அந்தக் காப்பு இல்லை. ஒவ்வோர் அமர்வின் தேதியையும் அன்று நடப்பிலிருந்த கட்டுப்பாட்டையும் தரவோடு சேர்த்துப் பதியாதவரை, அவ்வாண்டுகளின் எண்களைப் பின்னாளில் எவரும் படித்துப் பொருள்கொள்ள முடியாது.

அமர்வு முடிந்து ஹெட்செட்டைக் கழற்றும் நேரத்தைப் பற்றியும் கூறவேண்டியுள்ளது. அணிந்தவர் தாமே இரு கைகளாலும் அதைப் பின்பக்கமிருந்து தூக்கிக் கழற்றி, உதவியாளர் நீட்டும் தட்டில் வைத்துவிட்டு, முகத்தைத் தொடும் முன் கையைத் தூய்மைசெய்துகொள்ள வேண்டும். சிலருக்குத் தரை சற்று நேரம் அசைந்துகொண்டே இருக்கும்; அவர்களை உடனே எழுப்பி அனுப்பிவிடுவது, அடுத்தவருக்காக அறையைக் காலிசெய்யும் அவசரத்தில் நடக்கிற தவறு. பதினைந்து இருபது நிமிடங்கள் அவர் அமர்ந்திருக்க ஓர் இருக்கை தேவை. அவ்விருக்கை ஆய்வறைக்குள்ளும் இருக்கலாகாது, அடுத்து வருபவர் காத்திருக்கும் இடத்திலும் இருக்கலாகாது. திறந்த சன்னலருகே, உடனிருப்பவர் பார்வையில், தண்ணீர்க் குவளையோடு போடப்பட்ட அந்த இருக்கையையும் அறநெறிக் குழுவுக்கு அளிக்கும் வரைபடத்தில் குறித்துக்காட்ட வேண்டும்.